சின்னத்தாயிக்கு வராத மன்னிப்பு

பிராந்திக் குவார்ட்டரைத் துண்டில் சுருட்டி, ஒயர் கூடையின் அடியில் வைத்தாள் சின்னத்தாயி. அதன்மேல் தூக்குப்போசி. போசிக்குள் அவள் கணவன் மாரப்பனுக்குச் சோறும் தட்டைப்பயறுக் குழம்பும்.

 

பாட்டில் அவள் வாங்கியதல்ல. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் மாரப்பன் பரண்மேல் சாக்குக்குள் ஒளித்துவைத்து, பிறகு அவனே மறந்துபோனது. போன வாரம் ஒட்டடை அடிக்கும்போது அவள் கையில் தட்டுப்பட்டது. மூடி திறக்காத சரக்கு. உடைத்திருக்கலாம். முந்தானையால் துடைத்துப் பத்திரப்படுத்தினாள்.

"ஏனுங் பாப்பாயக்கா! குடோனுக்குத்தானே போறீங்? இந்தக் கூடைய அவருகிட்டக் குடுத்துப்போடுங்க."

சோமனூரில் சுந்தரராஜுலுவின் விசைத்தறிக் குடோனில்தான் மாரப்பனுக்கு நெசவு. சின்னத்தாயிக்கும் அங்கேயே பகல் ஷிப்டில் நூல் சுற்றும் வேலை; பக்கத்து வீட்டுப் பாப்பாயிக்கு அதே வேலை சாயங்கால ஷிப்டில். கூடையை வாங்கியவள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

"உம்புருசன் முந்தாநேத்து எங்கிட்டயும் வந்து மன்னிப்புக் கேட்டுப்போட்டான் சின்னத்தாயி! ஒருக்கா என்ற கோழியப் புடிச்சுத் தின்னுபோட்டானாமா. நான் இத்தன வருசமாக் கீரிப்புள்ளயத்தான வைஞ்சுக்கிட்டிருந்தேன்!"

பாப்பாயி சிரித்துக்கொண்டே நடந்தாள். 

கோழிக்குக்கூட மன்னிப்பு!

எல்லாம் அந்தக் குடிமறப்பு மையத்தின் வேலை. கருமத்தம்பட்டியில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியில் நடக்கிறது. மெர்சி என்ற பெண் மொபெட்டில் ஊர் ஊராகச் சுற்றி ஆள் பிடிப்பாள். போன ஆடி மாதம் சாக்கடை ஓரத்தில் கிடந்த மாரப்பனை அவள்தான் ஏற்றிப்போனாள். கூடமாட நின்றவர் அப்துல் கையூம். உக்கடத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், அவரும் ஒரு காலத்தில் மொடாக்குடியர். மாரப்பனுக்குக் கைகால் உதறிய நாட்களில் பக்கத்திலேயே கிடந்தார். அவன் வீடு திரும்பிய பிறகும், ஷிப்டு முடிந்து கால் தானாகப் பிராந்திக் கடைப் பக்கம் திரும்பும் அந்த நேரத்துக்குச் சரியாக பஸ் பிடித்து வந்து, டீ குடிக்கக் கூட்டிப்போனார்.

மாரப்பன் மாறிப்போனான். ஊரே மூக்கின்மேல் விரலை வைத்தது.

சின்னத்தாயி மட்டும் பல்லைக் கடித்தாள்.

மெர்சி என்ன புதிதாகச் சொல்லிவிட்டாள்? காலில் விழுந்து, பட்டினி கிடந்து, கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்ச் சின்னத்தாயி சொன்ன அதே வார்த்தைகள்தான். அப்போது காதில் ஏறாதது, யாரோ ஒருத்தி சொன்னதும் ஏறியதா? மனசில் இருப்பதையெல்லாம் கொட்டக் கையூம் பாய் வேண்டும். பெண்டாட்டி சோறு போட வேண்டும்.

இதற்குமேல்தான் அந்த மன்னிப்பு வந்தது. யாருக்கெல்லாம் தீங்கு செய்தாயோ அவர்கள் வாசலுக்குப் போ, செய்ததை உன் வாயால் சொல், மன்னிப்புக் கேள். மையத்தின் விதி அது. வேலித் தகராறில் மண்டையை உடைத்த பங்காளி காளிச்சாமியிடம் கேட்டான். சைக்கிள் கடையில் கேட்டான். சுந்தரராஜுலுவிடம் கேட்டபோது அந்த மனுசனே கண் கலங்கிவிட்டாராம்.

ஒவ்வொரு நாளும் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். இன்றைக்காவது தன்னிடம் கேட்பான் என்று காத்திருப்பாள். கை கழுவுவான். "கொழம்பு நல்லாருந்துச்சு புள்ள" என்பான். பாயை விரிப்பான்.

குடிகாரனாக இருந்தபோதாவது அவன் அவளுக்குச் சொந்தம். சாக்கடையிலிருந்து தூக்க அவள் ஒருத்திதான் இருந்தாள். இப்போது அவன் ஊருக்குச் சொந்தம். அந்த நினைப்பில்தான் இன்று பாட்டில் கூடைக்குள் போனது. குடிக்கட்டும். விழட்டும். மறுபடி யார் வந்து தூக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

வாசலில் மொபெட் சத்தம். மெர்சி.

"சின்னத்தாயக்கா, ஞாயித்துக்கெழம நீங்க கட்டாயம் வரோணும். அண்ணன் குடிய உட்டு ஒரு வருசம் ஆகுது. கேக்கு வெட்டறோம்."

"நீங்களே வெட்டுங்க அம்மணி. நீங்கதான அவரப் பெத்துப்போட்டீங்க!"

மெர்சியின் முகம் சுருங்கியது. "என்னக்கா இப்பிடிப் பேசறீங்க?"

"பின்னெ எப்பிடிப் பேசறது? ஊர்ல இருக்கற கோழிக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாச்சு. கட்டுனவகிட்டக் கேக்கோணும்னு உங்க மையத்துல சொல்லித் தரலீங்களா?"

"மொதல்ல உங்ககிட்டத்தான கேட்டாரு!" மெர்சி நிஜமாகவே திகைத்தாள். "பாய்கிட்டச் சொல்லி அழுதாருக்கா. குடோன்ல நீங்க நூல் சுத்திக்கிட்டிருந்தீங்களாம். பின்னால வந்து நின்னு எல்லாத்தயும் சொன்னாராம்."

"குடோன்லயா? தறி ஓடறப்பவா?"

"ஆமா. ஏனுங்க்கா?"

மெர்சி ஓடும் தறிகளுக்கு நடுவில் நின்றதில்லை. அங்கே காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். நெசவாளிகள் கையசைத்தும் உதட்டைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வார்கள். அவனோ அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லியிருக்கிறான்!

திருட்டு மனுசன். கேட்டிருக்கிறான். அவளுக்குக் கேட்காமல் கேட்டிருக்கிறான்.

கோபம் தலைக்கு ஏறிய அதே நொடியில் வேறொன்று நெஞ்சில் இடித்தது. கூடை.

"அம்மணி, வண்டிய எடுங்க!"

"எங்கக்கா?"

"குடோனுக்கு! கேள்வி கேக்காம எடுங்க. உசுரு போற காரியம்!"

மொபெட் சந்துக்குள் சீறியது. எதிரே நூல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. மெர்சி சாக்கடை விளிம்பில் வளைத்துத் தப்பினாள். பின்னால் உட்கார்ந்து அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள் சின்னத்தாயி. இத்தனை நாள் கரித்துக்கொட்டிய தோள்.

குடோன் வாசலிலேயே தறிச் சத்தம் முகத்தில் அறைந்தது.

உள்ளே, கடைசித் தறிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான் மாரப்பன். போசி திறக்கப்படாமல் ஓரமாக இருந்தது. மடியில் துண்டு. கையில் பாட்டில். கட்டைவிரல் மூடியைத் தடவிக்கொண்டிருந்தது. அவனுடைய தறியில் நூல் அறுந்து, துணி பாழாய் ஓடியது. அவன் கவனிக்கவில்லை.

"ஏனுங்!"

அவன் நிமிரவில்லை.

"ஏனுங்க! வேண்டாமுங்க!"

தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் விரல்கள் மூடியைச் சுற்றி இறுகின.

சுவரோரம் மெயின் சுவிட்ச். பாய்ந்து போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தாள்.

எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் செத்தன.

மாரப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். நெசவாளிகள் எட்டிப் பார்த்தார்கள். ஆபீஸ் அறையிலிருந்து சுந்தரராஜுலுவின் குரல்: "எவன்டா அவன் கரண்ட்ட நிறுத்துனது?"

"பாட்டில நாந்தான் வெச்சேன்" என்றாள் சின்னத்தாயி கணவனிடம்.

"தெரியும். நம்மூட்டுத் துண்டு." அவன் குரல் உடைந்திருந்தது. "எதுக்கு புள்ள?"

"எங்கிட்ட எப்பங்க மன்னிப்புக் கேட்டீங்க?"

அவன் தலை கவிழ்ந்தது. "தறி ஓடிட்டிருந்தப்ப..."

"தறி ஓடறப்ப இடி உளுந்தாக் கேக்குமா?"

"கேக்காது. அதனாலதான் அப்பச் சொன்னேன். மத்தவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லிப்போட்டேன். உம்மூஞ்சியப் பாத்து என்னால முடியல."

மெர்சி பாட்டிலை வாங்க முன்னால் வந்தாள்.

"நீங்க அங்கியே நில்லுங்க அம்மணி." சின்னத்தாயி ஒரு கையைச் சுவிட்சிலிருந்து எடுக்காமல் மறு கையை நீட்டினாள். "குடுங்க."

அவன் எழுந்து வந்தான். ஒரு நொடி பாட்டிலை விடாமல் நின்றான். பிறகு விட்டான். மூடி திருகப்படவில்லை. அதைத் திரும்பிப் பார்க்காமலே மெர்சியிடம் கொடுத்தாள். வெளியே சாக்கடையில் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"இப்பச் சொல்லுங்க. என்ற மூஞ்சியப் பாத்து."

மாரப்பன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். சுற்றிலும் ஆட்கள். யாரும் நகரவில்லை.

"உங்கப்பன் எழவு ஊட்டுல... பாடைக்கு முன்னால குடிச்சுப்போட்டு உளுந்தேன். உன்ற தம்பி என்னை இழுத்துக்கிட்டுப் போயி மாட்டுக் கொட்டாய்ல போட்டான். நீ அப்பனுக்கு அழுவறதா, எனக்கு வெக்கப்படறதான்னு தெரியாம நின்னே. அத நான் பாத்தேன். போதைலயும் பாத்தேன் சின்னத்தாயி. என்னை மன்னிச்சுப்போடு."

அவள் மறு கையால் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். 

சுந்தரராஜுலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஏம்மா சின்னத்தாயி! நாளைக்கு லாரி ஏத்தோணும். புருசம்பொஞ்சாதி பேச்சையெல்லாம் ஊட்டுல வெச்சுக்குங்க. சுவிட்சப் போடு!"

அவள் கைப்பிடியை விடவில்லை.

"சித்த இருங்க மொதலாளி. ஒன்னுதான் சொல்லியிருக்கறாரு. இன்னும் கெடக்குது. அதுக்கப்பறம் நானும் அவருகிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கோணும்."