ஜோடி பார்த்து வாங்கிய மரங்கள்

வீட்டு ஓனர் நல்ல மனிதர்தான். ஆனால் கார் வாங்கிய நாளிலிருந்து அவர் கண் எங்கள் வீட்டின் பின்பக்கத்தின் மேலேயே இருந்தது. பூ உதிர்ந்து மூன்று வாரம் பார்ப்பேன், இந்த வருஷமும் காய் பிடிக்கவில்லை என்றால் அங்கே நாங்கள் நட்ட இரண்டு மரத்தையும் வெட்டிவிட்டு ஷெட் போடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஐந்து வருஷம் பொறுத்த மனுஷனை என்ன குறை சொல்வது?

பிளம்முக்கும் செர்ரிக்கும் பிறந்த கலப்பு ரகம் அது. வருஷா வருஷம் கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூக்கும். பிறகு ஒன்றுவிடாமல் கொட்டும். பஸ் டிப்போவில் முதுகை உடைத்துக்கொண்டு வீட்டோடு இருக்கிற என் கணவருக்கு அந்த இரண்டு மரங்கள்தான் உலகம். போன வருஷம் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு இந்த மரத்து மகரந்தத்தை அந்த மரத்துப் பூவில் நாள் முழுக்கத் தடவினார். ஒரு பிஞ்சு கூட நிற்கவில்லை. தன் கைக்கு ராசியில்லை என்று அன்றைக்கு அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் தையல்காரி. இந்த வருஷம் மொட்டு கட்டுகிற சமயத்தில், கன்று விற்ற நர்சரிக்காரர் பேன்ட்டைக் குட்டையாக்க என் கடைக்கு வந்தார். மரம் எப்படி என்று கேட்டார். நானும் புலம்பித் தீர்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டாவது கன்னு வேற ரகமா எடுங்கன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா. நீங்கதான் வாயத் திறக்கவிடல."

உண்மைதான். துணிக்கு நூல் மேட்ச் பார்க்கிற புத்தி எனக்கு. இலை, உயரம், பட்டை நிறம் வரை அச்சு அசலாக ஒரே மாதிரி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். இரண்டும் ஒரே தாய் மரத்தில் வெட்டி ஒட்டுப் போட்டவையாம். பார்க்கத்தான் இரண்டு, உள்ளுக்குள் ஒரே மரம். தன் மகரந்தத்தை அது தானே ஏற்காது. பக்கத்தில் ஒரு பிளம் மரம் பூக்க வேண்டும், இல்லை பிளம் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவ வேண்டும், அப்போதுதான் கதை நடக்கும்.

பிளம் மரம் மூன்று தெரு தள்ளி இருந்தது, நாத்தனார் வீட்டில். அவளோடு எனக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. நான் தைத்த சட்டையில் கை கோணல் என்று நாலு பேர் முன்னால் சொன்னாள். நானும் சும்மா இருக்கவில்லை, அங்கேயே கத்தரியை எடுத்துக் கையைப் பிரித்து அவள் மடியில் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அக்காவிடம் தானே போய்க் கேட்பதாகச் சொன்னார்.

"தப்பு பண்ணது நான். நானே போறேன்," என்றேன்.

கதவைத் திறந்த நாத்தனார் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். நர்சரிக்காரர் சொன்னதை நான் கேட்காததையும் மறைக்கவில்லை.

"உனக்காகன்னா மாட்டேன்னுதான் சொல்லுவேன்," என்றாள். "தம்பிக்காகத் தர்றேன்."

அதுவும் நியாயம்தான். அவள் மரத்தில் பூவெல்லாம் கொட்டி, உச்சிக் கிளையில் மட்டும் கொஞ்சம் மொட்டு மிச்சம் இருந்தது. என்னை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவளே ஏறினாள். விரியப் போகிற மொட்டுகளாகப் பார்த்துப் பறித்தோம். அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதழைக் கிள்ளி, உள்ளே இருந்த மகரந்தப் பைகளைக் காகிதத்தில் உதிர்த்தோம். ஒருநாள் உலர்ந்ததும் மஞ்சள் பொடியாகிவிட்டது. மாத்திரை டப்பாவில் போட்டு, எங்கள் மரம் பூக்கும்வரை ஃபிரிட்ஜில் வைத்தேன்.

பத்து நாளில் எங்கள் மரம் பூத்தது. கைக்கு எட்டிய கிளைகளில் அவர் தடவினார், ஸ்டூல் போட்டு மேல் கிளைகளை நான் பார்த்துக்கொண்டேன். மூன்று நாள் தையல் கடையைத் திறக்கவே இல்லை.

பூ கொட்டியது. சொன்ன கெடு முடிந்த காலையில் ஓனர் ரம்பக்காரரோடு வந்தார். என் கணவர் ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். பட்டாணி அளவில் பச்சைப் பச்சையாகக் காய்கள். ஓனர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கிளையையும் பார்த்தார், அடுத்த மரத்தையும் பார்த்தார். கடைசியில் கார் தெருவிலேயே நிற்கட்டும் என்று சொல்லி ரம்பக்காரரை அனுப்பிவிட்டார்.

கணவர் அக்காவுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும் போனை என் கையில் திணித்துவிட்டு மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணி, காய் பிடிச்சிருக்கு. எண்ணிட்டேன், நாப்பத்தி ஒண்ணு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"தம்பி வீட்டுல நாப்பத்தி ஒண்ணு பொறந்திருக்கு. அத்தைக்கு இப்பத்தான் சொல்றியா?"

அழுதுகொண்டே, "இப்பவே பார்க்க வாங்க அண்ணி," என்றேன்.