தேன்மெழுகு அடைத்த பொம்மை

இடுகாட்டுத் தீவின் கரை தட்டுப்பட்ட நேரத்தில் தோணிக்குள் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த காபானின் கை அப்படியே நின்றுபோனது.

கூகும் என்ற அவன் தங்கை திரும்பிப் பார்த்தாள். செத்துப்போன அவளுடைய பெரிய மகளைக் குந்தவைத்து அடைத்த தாழி தோணியின் நடுவில் இருந்தது. சின்னவள் பெபென் அதில் சாய்ந்துகொண்டு, மண்பொம்மையின் முதுகில் வாய் வைத்திருந்தாள். செத்தவள் கையில் வைத்துப் புதைக்க வேண்டிய பொம்மை. ஊதுதுளையை அடைத்திருந்த மெழுகைக் காணவில்லை.

"எங்கடி மெழுகு?" என்றாள் கூகும்.

"தின்னுட்டேன். இனிச்சிச்சு."

வீட்டில் மிஞ்சியிருந்த மக்காச்சோள மாவைச் செத்தவள் வாயில் போட்டாகிவிட்டது. சின்னவள் வேறெதைத் தின்பாள்?

அந்தப் பொம்மையைச் செத்தவள்தான் முதலில் ஊத வேண்டும். உயிரோடிருப்பவர் ஊதினால் அந்த மூச்சும் குழிக்குள் போய்விடும். ஊதிய ஆளும் அதன் பின்னாலேயே போவார். உப்பளத்துச் சனத்துக்கு இதில் சந்தேகமே கிடையாது.

"பிசின் வச்சு அடைச்சிருக்கலாம்ல, புள்ள?"

"குயத்தி குடுத்ததே ஓசிண்ணே. அதுல பிசின் வேற கேக்கச் சொல்றியா?"

"அப்ப அதத் தண்ணியில போடு. பெரியவ வெறுங்கையோட போகட்டும்."

"வெறுங்கையோட போனா அங்க யாரு சேத்துக்குவா? தெருநாயாட்டம் அலைவா எம்மவ."

கரையில் குழிவெட்டி ஒருவன் இடுப்பளவு பள்ளத்தில் நின்று கத்தினான்: "ஒப்பாரிய வீட்டுலயே முடிச்சிட்டு வரக் கூடாதா? குழியில தண்ணி ஊறுது!"

தாழியை இறக்கினார்கள். கூகும் மூடியை நகர்த்தினாள். நாற்றம் முகத்தில் அடித்தது. பொம்மையை எடுத்துத் தன் வாயில் வைத்து ஊதினாள். நெஞ்சு வலித்தது, நிறுத்தவில்லை. கண் இருட்டிக்கொண்டு வரும்வரை ஊதினாள்.

"லூசு! என்ன காரியம் பண்ற?" காபான் பாய்ந்து கையைப் பிடித்தான்.

அவள் அவனை உதறிவிட்டுக் குழிவெட்டியைப் பார்த்தாள். "இப்ப உள்ள இருக்கறது எம்மூச்சுதான? புள்ளையோடது வெளிய போயிருக்கும்ல?"

"யாரு கண்டா? ஊதிட்டு வந்து சொன்னவன் எவனும் இல்ல."

மகளின் விரல்களைப் பிரித்துப் பொம்மையைச் செருகினாள். தாழியை மூடினாள்.

"மண்ணத் தள்ளு."

குழிவெட்டி தள்ளினான். பெபெனின் கையை இழுத்து அண்ணன் கையில் வைத்தாள் கூகும்.

"இன்னையிலேர்ந்து இவ ஒன் வீட்டுல படுக்கட்டும்."