நாலாம் படி

எங்கள் சாரணர் படைக்கு நான் வரலாற்றாளன் ஆனது கையெழுத்தினால்தான். எனக்கு ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியாது, நீச்சலும் சுமார். எழுத்து மட்டும் அச்சடித்தது போல இருக்கும். தொண்டியில் நாற்பது பையன்கள் காக்கிச் சட்டை மாட்டித் திரிந்தோம். அவர்கள் செய்வதையெல்லாம் படையின் நோட்டில் எழுதிவைப்பது என் வேலை. மையில் எழுத வேண்டும், அடித்தல் கூடாது. அடுத்த அணிவகுப்பில் உரக்கப் படித்ததும், சாரண ஆசிரியர் நாகநாதன் சார் "திருத்தம் உண்டா?" என்று மூன்று தரம் கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் கையெழுத்துப் போடுவார். அப்புறம் யார் என்ன சொன்னாலும் நடந்தது அதுதான்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினம் கோயில் கடலில் முழுகுகிறவர்களுக்குக் கைகொடுக்க எங்களை அழைத்திருந்தார்கள். பாசி பிடித்த படிகளில் படிக்கு ஒருவன். நாலாம் படி சதக்குக்கு. விடிந்ததிலிருந்து தண்ணீரில் நின்று வயசானவர்களைத் தாங்கித் தாங்கி அவன் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. எனக்குப் படி கிடையாது. துரை மாதிரி நோட்டோடு உலாத்தினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டரைக்குச் சதக் என்னைக் கூப்பிட்டான்.

"ஏலே சோணை, ஜும்ஆவுக்குப் போயிட்டு ஓடி வாரேன். படியைப் பாத்துக்க."

"போயிட்டு வா. நான் இங்கனதான் நிக்கிறேன்."

பத்து நிமிஷம் நின்றேன். நெற்றி வியர்வை நோட்டில் சொட்டி ஒரு வரி கரைந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. பந்தல் நிழலுக்குப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் சும்மா இருந்தேனா? அன்றைய நாள் முழுவதையும் அப்போதே எழுதி முடித்துவிடலாம் என்று தோன்றியது. 'நாலாம் படி: சதக், காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை. அனைவரும் தத்தம் இடத்தில் நின்றனர்.'

மை காய்வதற்குள் கூச்சல் கேட்டது. நாலாம் படியில் ராமலெட்சுமி என்ற அம்மாள் வழுக்கி விழுந்திருந்தார். மீன்பிடிக்கிற ஆட்கள்தான் தூக்கி வந்தார்கள். உயிர் தப்பியது, இடுப்பெலும்பு போயிற்று.

மறுநாள் சார் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"சதக் நின்னான்னு நீ எழுதியிருக்க. நின்னவன் ஏன் பிடிக்கலை? திங்கக்கிழமை அவன் சொல்லட்டும். இல்லாட்டி படையில அவனுக்கு இடமில்லை."

அந்தப் படைதான் சதக்குக்கு உயிர். சட்டையைக்கூட அவனேதான் துவைப்பான். அன்று சாயங்காலமே தொண்டிக் கடற்கரையில் அவனைத் தேடிப் பிடித்து, உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொல்லாத," என்றான். "நான் தொழப் போனது தெரிஞ்சா, அடுத்த வருஷம் எங்க ஆளுக ஒருத்தனையும் கோயில் வேலைக்குக் கூப்பிட மாட்டாக. பாதியில விட்டுட்டுப் போயிருவானுகன்னு பேசுவாக. என்னோட போகட்டும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"எழுதினதைப் படி."

இரண்டு ராத்திரி தூக்கமில்லை. சொன்னால் அவன் ஆட்களுக்குக் கெட்ட பெயர், சொல்லாவிட்டால் அவனுக்கு. எப்படிப் புரண்டாலும் சுவரில்தான் முட்டினேன். அவன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது, வெட்கமில்லாமல்.

திங்கட்கிழமை படித்தேன். சார் கேட்டார். "திருத்தம் உண்டா?"

சதக் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"திருத்தம் உண்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. அந்த நேரம் நாலாம் படி என் பொறுப்பு, எழுதியது தப்பு, அவ்வளவு சொன்னால் போதும். சதக் தப்பிப்பான், அவன் ஆட்களும் தப்பிப்பார்கள். போவது நான் ஒருவன்தான். கதவு திறந்துதான் கிடந்தது.

"திருத்தம் உண்டா?"

நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வாய் திறக்கவில்லை.

"இல்லை சார்," என்றான் சதக்.

சார் கையெழுத்துப் போட்டார். சதக் கழுத்து ஸ்கார்பை அவிழ்த்து, நாலாக மடித்து, என் நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

அதையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். ஓர் அடித்தல் இல்லை. எழுத்து வெகு அழகாக இருக்கிறதென்று சார் பாராட்டினார்.