பின்னால் இருக்கவேண்டிய சக்கரங்கள்

"டிராக்டருக்கு மட்டும் பின்சக்கரம் ஏன் அவ்ளோ பெரிசு, அப்பச்சி?"

ரமணன் இதைக் கேட்டபோது அவனுக்கு ஆறு வயது. மலேசியாவில் குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் கார் போய்க்கொண்டிருந்தது. செட்டிநாட்டுக் குடும்பங்களில் அப்பாவை அப்பச்சி என்பார்கள், அம்மாவை ஆத்தா என்பார்கள். அப்பச்சி நாச்சியப்பனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் பழக்கமும் அவரிடம் இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கி, சேற்றில் நடந்துபோய், டிராக்டர் ஓட்டியவரிடமே கேட்டுவிட்டு வந்தார். "இழுக்கிறது பின்சக்கரமாம். அது அகலமா இருந்தாத்தான் வழுக்காதாம்" என்றார். கால்சட்டையில் முழங்கால்வரை சேறு. வீட்டுக்குப் போனதும் ஆத்தா சொர்ணம் இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

பின்னாளில் ரமணன் வாங்கிய பழைய ஜெர்மன் காரும் பின்சக்கரங்களின் உந்துதலில் ஓடுவதுதான். முன்னால் சற்று ஒடுங்கிய சக்கரங்கள், பின்னால் இரண்டு விரற்கடை அகலம் கூடியவை என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தான். ரிம்மின் வேலைப்பாடு நான்கிலும் ஒன்றே. உற்றுப் பார்க்காதவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கடல் தாண்டி பிந்துலுவில் எரிவாயு ஆலையில் வேலை கிடைத்ததும் காரைத் தம்போயில் பெற்றோர் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனான். லீவு கிடைக்கும்போது வந்து ஓட்டுவான்.

இந்த முறை வந்தது பெரியப்பா மகள் வைஷ்ணவியின் கல்யாணத்துக்கு. பத்து பாகாட் ஊரில், ஞாயிறு காலை முகூர்த்தம். முதல்நாள் மதியம் பெட்ரோல் போட காரை எடுத்தான். நாச்சியப்பன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. முனையில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியபோது முன்னாலிருந்து எதையோ அராவுவதுபோல் சத்தம் வந்தது. பெரிய சாலை வளைவில் காரின் பின்பாகம் மெல்ல வெளிப்பக்கம் நழுவி, பிறகு தானாக நேரானது. ரமணன் வேகத்தைக் குறைத்தான்.

"பயப்படாத. நாந்தான் சக்கரத்த மாத்திப் போட்டேன்" என்றார் நாச்சியப்பன். "முன்னாலது பின்னால, பின்னாலது முன்னால. அப்பதான் நாலும் ஒண்ணா தேயும். புது எடம்ல, பழகுற வரைக்கும் சத்தம் போடும். அப்புறம் அடங்கிரும்."

"யாரு ஒதவுனா?"

"யாரு ஒதவணும்?"

அவருடைய வலது கை மடிமீது கிடந்தது. விரல்கள் பாதி மடங்கி இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்து பார்த்தான். அகலச் சக்கரங்கள் இரண்டும் முன்னால் இருந்தன. உள்பக்கத்து பிளாஸ்டிக் தடுப்பை அவை பிறைபோல் தின்றிருந்தன. ஒடுங்கிய சக்கரங்கள் பின்னால். ஈரச் சாலையில் கொஞ்சம் வேகமாகப் போனாலும் வால் சுழன்றுவிடும். இதில்தான் காலையில் மூன்று பேரும் நெடுஞ்சாலையில் போகவேண்டும். சொல்லிவிடலாம் என்று உள்ளே போனான்.

அடுக்களையில் சொர்ணம் முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, சக்கரத்த மாத்திருக்காங்க. நாலஞ்சு நாளு ஆச்சு. ஒரு போல்ட்ட மாட்டுறதுக்குள்ள காபி ஆறிப்போயிரும். செல்வா வந்து கேட்டான், தொடவே விடல."

"நீங்க ஏன் ஆத்தா விட்டீங்க?"

"விடாம? வாதம் வந்ததுலேர்ந்து சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டது நானு. ஒரு பேச்சு கெடையாது, டிவிய வெறிச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. அத முடிச்ச மறுநாளு, பொத்தான அவுகளே போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. ஒன்னு மேல ஒன்னு கீழ. நான் ஒண்ணும் சொல்லல." டப்பாவை மூடினாள். "ஒனக்குக் காட்டணும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க."

மாலையில் அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப்போகப் பக்கத்து வீட்டுச் செல்வா வந்தான். வாதம் வந்த இந்த எட்டு மாதமாக எங்கே போனாலும் அவன் கார்தான்.

"என்னா ரமணா, ஒங்கப்பா டயர் கடை தொறந்துட்டாரு, தெரியுமா? என் வண்டியையும் பாருங்கண்ணேன்னா, எடம் இல்லைன்னுட்டாரு லா."

"மொதல்ல ஒன் வண்டியக் கழுவிக்கிட்டு வா" என்றார் நாச்சியப்பன். "அந்த அழுக்க எவன் தொடுவான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ரமணன் பார்த்து நாளாகியிருந்தது.

"அப்பச்சி, அந்தச் சக்கரம்" என்று ஆரம்பித்தான்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க. நான் கொஞ்சம் படுக்கிறேன்."

கார் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றான்.

பதிமூன்று வயதில், மரவேலை வகுப்பில், சாமி விளக்குக்கு ஒரு மணை செய்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். ஒரு கால் குட்டை. விளக்கை வைத்தால் ஆடியது. மறுநாள் காலை அது ஆடாமல் நின்றது. என் மகன் செய்தது என்று சொர்ணம் வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். காபி குடித்துக்கொண்டிருந்த அப்பச்சியின் மூக்குக்கண்ணாடியில் மரத்தூள் ஒட்டியிருந்ததை ரமணன் பார்த்தான். அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அப்படிச் செய்யப்பட்ட உதவிக்கு நன்றி சொல்லவும் வழியில்லை. வைத்திருந்து, வேளை வரும்போது கொடுக்கத்தான் முடியும்.

ஜாக்கியை எடுத்தான். ஜாக்கி ஒன்றுதான் இருந்தது. முன்சக்கரத்தைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்டெப்னியைப் பூட்டி இறக்கவேண்டும். பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை மாற்றி, மறுபடி முன்பக்கம் வந்து தூக்கவேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று முறை. பிறகு அடுத்த பக்கம். இரண்டு கையும் நன்றாக இருந்த அவனுக்கே தோள் வலித்தது. வலது பின்சக்கரத்தில் ஒரு போல்ட் விரலால் திருப்பியதும் சுழன்றது. அதைக் கழற்றி, மண் போகத் துடைத்துத் தனியாக வைத்தான். கோயிலில் அந்நேரம் தீபாராதனை ஆகிக்கொண்டிருக்கும்.

கடைசிப் போல்ட்டையும் இறுக்கி, பிளாஸ்டிக் தடுப்பில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறுகளைக் கத்தியால் சீவினான். நிமிர்ந்தபோதுதான் கவனித்தான். கோயிலுக்குக் கிளம்பும் முன், நாளைய பயணத்துக்கென்று நாச்சியப்பன் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். இவன் கைபட்டு இரண்டில் அழிந்துபோயிருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு சாமி அறைக்குப் போய்ச் சந்தனம் குழைத்து எடுத்துவந்தான். வலது கையால் வைத்த பொட்டு வட்டமாக, நடுவில், நேராக விழுந்தது. மற்ற இரண்டு சக்கரங்களில் அப்பச்சி இடது கையால் வைத்திருந்ததைப் பார்த்தான். அதைத் துடைத்தான். கிண்ணத்தை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கை விரலால் வைத்தான். அது சற்றுக் கோணி, ஓரமாக, கீழே இழுபட்டு விழுந்தது. குங்குமத்தையும் அப்படியே வைத்தான். அடுத்த சக்கரத்துக்கும் வைத்துவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.