லாபிஸ் பெண்ணும் கைப்பிடி இல்லாத பெட்டியும்

1
இந்தக் கதை மூவாரில், ஒரு சாப்பாட்டுக் கடையின் கல்லாவில் பிறந்தது. என் தம்பி, தன் மகளுக்கு நிச்சயமான சம்பந்தி வீட்டாருக்கு விருந்து வைத்தான். முடிவில் கல்லாப் பையனிடம் கார்டை நீட்டினான்.

"கார்டு போகல, அங்கிள்."

சம்பந்தி பணம் கட்டினார். எங்கள் விருந்துக்கு அடுத்தவர் பணம் கட்டுவதை நான் நின்று பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. உள்ளபடி எழுதவும் மனம் வரவில்லை.

2
ஆகவே முதல் வரைவு இப்படி:

"கோலாலம்பூரில் மகேஸ்வரன் என்றோர் ஏமாளி இருந்தார். அவருக்கும் ஜொகூரில் உள்ள எந்தக் குடும்பத்துக்கும் எவ்விதத் தொடர்பும்—"

[பெரியப்பா, இப்படி எழுதினாத்தான் எல்லாருக்கும் சந்தேகம் வரும். – லோஷினி]

லோஷினிதான் அந்தக் கல்யாணப் பெண். என் கையெழுத்தைக் கணினியில் ஏற்றுகிறவளும் அவளே. அடைப்புக்குறிக்குள் அவள் நுழைவதை என்னால் தடுக்க முடிவதில்லை. மகேஸ்வரனை அடித்துவிட்டேன். என் தம்பி கனகராஜ் என்றே இருக்கட்டும்.

3
கனகராஜ் ஏமாளி அல்லன். (இந்த வாக்கியத்தைப் பலமுறை அடித்து எழுதினேன்.) போனில் ஆங்கிலத்தில் விற்க வந்த அத்தனை பேரிடமும் "நோ தேங்க்யூ" என்று போனை வைத்தவன். விருந்துக்குச் சில நாள் முன் கூப்பிட்ட இந்தப் பெண்ணோ தமிழில் பேசினாள்.

"வணக்கம் அங்கிள், கார்டு கம்பெனிலருந்து தேன்மொழி பேசுறேன்."

"தமிழ்ப் பிள்ளையா! எந்த ஊரும்மா?"

"லாபிஸ், அங்கிள்."

"அலமாக்! நாங்களும் அங்கதான் லா. எந்த எஸ்டேட்டு?"

எஸ்டேட் ஒன்றுதான். அவளுடைய தாத்தா எங்கள் பக்கத்து லயத்துக்காரர். இதற்குப் பிறகு நம்மவர் யாருக்காவது மறுக்க வாய் வருமா? விபத்துக் காப்பு, கார்டு தொலைந்தால் காப்பு, மூன்றாவதாக மகளிர் நலத் திட்டம். பயணப் பெட்டி இலவசம்* என்பது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. ஆண்டுக் கட்டணம் மொத்தமும் குறைந்த வரம்புள்ள அவன் கார்டில் உடனே ஏறும் என்பதை அவள் வேகமாகச் சொல்லியிருக்கிறாள்.

"ஏன்டா, மகளிர் திட்டம் உனக்கு எதுக்கு?"

"டார்கெட்டுக்கு ஒண்ணு குறையுதுன்னு சொல்லிச்சுண்ணே. பாவம்."

* பெட்டி வந்தது. கைப்பிடி வரவில்லை.

4
இங்கே கட்டுரையாளனாகச் சற்றுக் குறுக்கிடுகிறேன். சலுகை என்று போன் வந்தால், "எழுத்துல அனுப்பும்மா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். யாருக்கும் அவமானமில்லை.

இனி முடிவு. கல்யாண மண்டபத்துக்கு அடுத்த வாரம் அதே கார்டில்தான் முன்பணம் கட்ட வேண்டும். திட்டங்களை ரத்து செய்ய இன்றே கடைசி நாள்.

முடிவு அ: கனகராஜே கூப்பிட்டு ரத்து செய்கிறான்.

"வாக்கு குடுத்துட்டேண்ணே. ஊர்ப் பிள்ளைகிட்ட எப்படி மாத்திப் பேசுறது?"

முடிவு ஆ: மண்டபத்துக்கும் சம்பந்தியே கட்டுகி—

இல்லை. நான் உயிரோடு இருக்கும்வரை இல்லை.

[எனக்கு மாமியார் வீட்டுல காலம் பூரா இதையே சொல்லிக் காட்டுவாங்க, பெரியப்பா. – லோஷினி]

5
ஆகவே நானே கூப்பிட்டேன். நின்றுகொண்டுதான் பேசினேன். உட்கார்ந்தால் குரல் இளகிவிடும்.

"தேன்மொழி இருக்காங்களா?"

"நான்தான் அங்கிள்."

"கனகராஜோட அண்ணன் பேசுறேன். மூணு திட்டத்தையும் ரத்து பண்ணணும். காரணம் கேக்கக் கூடாது."

"சரி அங்கிள். ம்... ஆயிடுச்சு. நாளைக்குள்ள பணம் கார்டுக்குத் திரும்பிடும்."

வென்றுவிட்டேன். கதையை இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

"அங்கிள், எங்க தாத்தா உங்க வீட்டைப் பத்தி நிறையச் சொல்வாரு. எஸ்டேட்டுல யார்கிட்டயும் கைநீட்டாத குடும்பம்னு."

"அப்படியா சொன்னாரு?"

"ஆமா அங்கிள். அந்த மாதிரி மரியாதையான குடும்பங்களுக்குன்னே புதுசா ஒரு திட்டம் வந்திருக்கு. உங்க பேர்ல போட்டுடவா?"

அடுத்த அறையில் லோஷினி தட்டச்சை நிறுத்திவிட்டாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகத் தெளிவாக—

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. வாசகரே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தின் பெயர் கெடாதபடி முடியுங்கள். அதுவே என் ஒரே நிபந்தனை.

[மண்டபத்துக்கு அப்பா கார்டு போயிடுச்சு. நேத்து பெரியப்பா பேருக்கு ஒரு பெட்டி வந்துச்சு. இதுக்குக் கைப்பிடி இருக்கு. – லோஷினி]