பேடில் ஏறிய கறுப்பு

பாக்தாதின் ஷேக் உமர் பட்டறைத் தெருவில் கஸ்வானுக்கு ஒரு பேர் உண்டு. கீறலும் சுழிக்கோடுமாகச் செத்துக் கிடக்கும் காரைக் காலையில் அவனிடம் விட்டால், மாலையில் அதில் முகம் பார்த்து மீசை திருத்திக்கொள்ளலாம். அந்தப் பேர்தான் அன்றைக்கு அவனுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

கறுப்பு ஜீப்பிலிருந்து இறங்கியவர் அபூ தர்காம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய குலத்துக்குத் தலைவர். அவர் தும்மினால் நாற்பது துப்பாக்கி சேர்ந்து தும்மும் என்பார்கள். இடுப்பிலும் ஒன்று இருந்தது, அதை அவர் மறைக்க மெனக்கெடவில்லை.

"நாளைக்கு என் மகனுக்குக் கல்யாணம், உஸ்தா. பொண்ண இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வரணும். கண்ணாடியாட்டம் இருக்கணும்."

"இருக்கும் ஹாஜி. சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க."

"எங்க போறது? இங்கயே உக்காந்திருக்கேன். மிஷின் சத்தத்துல எனக்கு நல்லாத் தூக்கம் வரும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தூங்குகிற ஆள் மாதிரித் தெரியவில்லை. டீ வந்தது. கிளாஸில் சர்க்கரையைக் கலக்கியபடியே, "வண்டிய வித்ததே உன் மச்சான் சாசிப்தான். உன் கைவேலையப் பத்தி அவன்தான் அளந்துவிட்டான்" என்றார்.

தங்கை சுந்துஸின் புருஷன் சாசிப்பின் தொழில் கஸ்வானுக்குத் தெரியாதா? அமெரிக்காவில் அடிபட்டு நசுங்கிய வண்டிகளைக் கப்பலில் வரவழைத்து, தட்டி நிமிர்த்தி, பட்டி பூசிப் பெயின்ட் அடித்து விற்பான். உள்ளதைச் சொல்லி விற்றால் என்னடா என்று கஸ்வான் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறான். சொன்னா எவன் வாங்குவான் என்று சிரிப்பான் அந்தப் பாவி.

"வாங்கும்போது ஆள் வச்சுப் பார்த்தீங்களா ஹாஜி?"

"எதுக்கு? ஒரு திருகாணி கழட்டலன்னு அப்பாஸ் மேல சத்தியம் பண்ணான். அதுக்கு மேல என்ன பார்க்கணும்?"

கர்பலாவில் அடங்கியிருக்கும் புனிதர் அப்பாஸின் பேரிலா! கஸ்வான் வேலையைத் தொடங்கினான். முதலில் பானெட். பாலிஷ் மிஷினின் ஃபோம் பேடில் காம்பவுண்டுப் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து, மெதுவாக ஓட்டிப் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டினான். அழுத்தக் கூடாது, மிஷினின் எடையே போதும். பேடில் வெள்ளையாகத்தான் கசடு ஏறியது. கம்பெனி பெயின்டின் மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும், தேய்வது அதுதான். துணியால் துடைத்ததும் பட்டறைக் கூரையின் டியூப் லைட் பானெட்டுக்குள் நேர்கோடாக நின்றது. அல்லாவே, எல்லாப் பக்கமும் இப்படியே இருந்துவிடட்டும் என்று மனசார வேண்டினான்.

இருந்துவிடவில்லை. வலது பின்கதவில் மிஷினை வைத்துக் கொஞ்ச நேரத்தில் பெயின்ட் வாடை வந்தது. பேடைத் திருப்பிப் பார்த்தான். மை தொட்டது போலக் கறுப்பு. மேல்பூச்சே இல்லை, எவனோ அவசரத்தில் வெறும் நிறத்தை அடித்துவிட்டிருக்கிறான். விரலால் தட்டினால் தகரச் சத்தம் வரவில்லை, பட்டியின் மந்தச் சத்தம்தான் வந்தது. பேடைச் சட்டென்று கழற்றி வாளித் தண்ணீருக்குள் அமுக்கினான்.

"அங்க வெள்ளையா வந்துச்சு. இங்க ஏன் கறுப்பா வருது?" அபூ தர்காம் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அழுக்கு ஹாஜி. ஜெனரேட்டர் புகை படிஞ்சிருக்கும்."

"என் கண்ணு முன்னாடிதான ரெண்டு தடவ கழுவின?" டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சரி, எனக்கென்ன தெரியும், நான் உன்ன மாதிரி தொழில் தெரிஞ்ச உஸ்தாவா? அழுக்குதான்னு நீயும் அப்பாஸ் மேல சத்தியம் பண்ணிடு. நான் விட்டுடறேன்."

வெறும் பொய் என்றால் பரவாயில்லை. அது வாயோடு போகும். அப்பாஸ் பெயரில் பொய்ச் சத்தியம் பண்ணியவனுக்குக் கர்பலாவிலிருந்து வீடு திரும்புமுன் நாக்கு இழுத்துக்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன் கஸ்வான். ஆனால் சத்தியம் பண்ணாவிட்டால்? சுந்துஸின் வீட்டுச் சுவரில் 'குலத்தால் தேடப்படுபவன்' என்று சிவப்பில் எழுதுவார்கள். வாசல் கதவில் குண்டு பாயும். கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று குண்டுக்குத் தெரியுமா? ஒரு சொல் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள். வாயைத் திறந்தான். "அப்பாஸ்..." என்றான். அதற்கு மேல் நாக்கு புரள மறுத்துவிட்டது.

அபூ தர்காம் தலையை ஆட்டினார். "போதும் உஸ்தா. நீ நல்ல மனுஷன். உன்ன இதுல சேர்க்க மாட்டேன்."

"வண்டிய அவன் திருப்பி எடுத்துக்குவான் ஹாஜி. நான் எடுக்க வைக்கிறேன். என் தங்கச்சி இருக்கா அங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கு..."

"வண்டியப் பத்தி யார் பேசினா? வண்டி கெடக்குது. அந்தப் பேரச் சொல்லி என்னை ஏமாத்தினான் பாரு, அத மறக்கச் சொல்றியா?"

கஸ்வானின் கை சட்டைப்பைக்குப் போனது. "கையெல்லாம் காம்பவுண்டு, போன் பாழாயிடும். இப்படி வை" என்று டீத்தட்டைக் காட்டினார் அவர். கஸ்வான் வைத்தான். "மிச்சத்த முடி. இதுலதான் அவன் வீட்டுக்குப் போறோம். அவன் வித்த வண்டி அவன் வாசல்ல ஜொலிக்கணும்." தன் போனை எடுத்துத் தம்பியை அழைத்தார்.

அன்று புதன்கிழமை. புதன்தோறும் வெயில் சாய்ந்ததும் சுந்துஸ் பிள்ளைகளோடு மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அதுவரை இழுத்தடித்தால் வீடு காலியாக இருக்கும். கஸ்வான் மிஷினின் வேகத்தைக் குறைத்தான். தேய்த்த இடத்தையே தேய்த்தான். கண்ணாடி ஓரங்களில் டேப் ஒட்டினான், உரித்தான், மறுபடி ஒட்டினான். தன் தந்திரத்தில் அவனுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

தெருமுனையில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கிய இரண்டு இளைஞர்கள் பட்டறை ஷட்டரில் சாய்ந்து நின்றார்கள்.

"மெதுவாவே செய் உஸ்தா, அவசரமில்ல. நம்ம ஆளுங்க இன்னும் வரணும்" என்றார் அபூ தர்காம்.

அடுத்து ஒரு பிக்கப் வந்தது, பின்னால் ஆட்கள் நின்றுகொண்டே வந்தார்கள். கஸ்வான் வெயிலைப் பார்த்தான். அது இன்னும் சாயவே தொடங்கவில்லை. அதற்குள் இன்னொரு பிக்கப் திரும்பியது. அதில் தார்ப்பாய் போர்த்திய நீளமான ஏதோ இருந்தது, இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் வேறொரு ஹாரன் சத்தம் இந்தத் தெருவை விசாரித்துக்கொண்டிருந்தது.

இழுக்க இழுக்கத் துப்பாக்கிகள்தான் கூடும் என்று கஸ்வானுக்கு உறைத்தது. மிஷினின் வேகத்தை முழுக்க ஏற்றினான். கதவை ஓடி ஓடித் தேய்த்தான், துணியை உதறித் துடைத்தான், பக்கத்தில் கிடந்த கேனை உதைத்துத் தள்ளி வண்டிக்கு வழிவிட்டான்.

"முடிஞ்சிடுச்சு ஹாஜி" என்றான், மூச்சிரைக்க. "போதும், இருக்கிறவங்களோட இப்பவே கிளம்புங்க."