மேயர் வழியாக ஒரு கேள்வி

பல் சொத்தையாவதைத் தடுக்க ஊர்த் தண்ணீரில் மறுபடியும் ஃப்ளோரைடு சேர்க்கலாமா என்று வாக்கெடுக்கும் கூட்டத்துக்குத் தங்கை வருவாள் என்று கவுன்சிலர் மார்லிஸ் ஹௌக் நினைக்கவில்லை. ஆல்பர்ட்டா மாகாணத்தின் அந்தச் சின்ன ஊரில் ஆறு வருடங்களுக்கு முன் அதை நிறுத்தியது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். அந்த ஒரு கை மார்லிஸுடையது. பற்பசையிலேயே இருக்கிறது, பிறகு குழாயில் எதற்கு என்பது அவள் வாதம். அதோடு விட்டிருக்கலாம். "பிள்ளைக்குப் பல் விளக்கி விடறது பெத்தவ வேலை, நகராட்சி வேலை இல்ல" என்றும் சொல்லிவைத்தாள். உள்ளூர்ப் பத்திரிகை அதையே தலைப்பாக்கியது.

தங்கை கோரீனுக்கு இறைச்சி ஆலையில் இரவு ஷிஃப்ட். போன வசந்தத்தில் அவளுடைய ஐந்து வயது மகன் டேவினுக்கு மயக்க மருந்து கொடுத்து எட்டுப் பற்களைப் பிடுங்கினார்கள். தண்ணீரால்தானா என்று கேட்டதற்கு, ஓர் ஊருக்கென்றால் சொல்லலாம், ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடியாது என்றார் பல் மருத்துவர். அன்று அக்காவுக்கு அடைத்த கதவைக் கோரீன் திறக்கவேயில்லை. அது திறக்க வேண்டும் என்பதைத் தவிர மார்லிஸுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

சபையில் யார் பேசினாலும் மேயரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஆலைச் சட்டையோடு கோரீன் மைக் முன் நின்றாள்.

"மேயர் அவர்களே, உங்க வழியா கவுன்சிலர் ஹௌக்கைக் கேக்கறேன். தினமும் விடியக்காலையில வேலை முடிஞ்சு வந்து, தூங்கற பிள்ளைய எழுப்பிப் பல் விளக்கி விட்டேன். அது அவங்களுக்குத் தெரியுமா?"

"பேரைச் சொல்லி யாரையும் கேக்கக் கூடாதும்மா" என்றார் மேயர்.

"பேரைச் சொல்லாட்டி அக்கான்னு சொல்லணும். அது இப்ப வாயில வரல."

பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

இந்த முறை மார்லிஸ் சேர்ப்பதற்குக் கை தூக்கினாள். தீர்மானம் நிறைவேறியது. கைதட்டல் அடங்குவதற்குள் கோரீன் வெளியே போய்விட்டாள். மேல்கோட்டைக்கூட எடுக்காமல் மார்லிஸ் பின்னால் ஓடினாள்.

கோரீன், குளிரில் காரின் எஞ்சின் உறையாமலிருக்கச் செருகியிருந்த மின்வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கை தூக்கினேன், பாத்தியா?"

"பாத்தேன். ஊருக்கு நல்லது."

ஞாயிற்றுக்கிழமை டேவினைப் பார்க்க வரட்டுமா என்று மார்லிஸ் கேட்டாள். கோரீன் வயரைச் சுற்றி முடித்தாள்.

"பெரியம்மா எப்ப வருவாங்கன்னு முதல்ல தினமும் கேப்பான். இப்ப கேக்கறதில்ல. நான் ஞாபகப்படுத்த மாட்டேன்."

காரின் முன்கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. சுரண்டி விடலாமென்று மார்லிஸ் வெறுங்கையை நீட்டினாள். அதற்குள் வண்டி பின்னால் நகர்ந்துவிட்டது.